எவ்ளோ போடலாம் தாத்தா?

எவ்ளோ போடலாம்னு கேட்ட பாரு பேராண்டி, அந்தக் கேள்விக்கே உனக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கித் தரணும். உங்கப்பன் இன்னி வரைக்கும் அதைக் கேட்டதில்ல. யூரியாவை மூட்டைக் கணக்குல கொட்டிட்டு, பயிரு சாஞ்சி படுத்தப்புறம்தான் என்னாண்ட வந்து நிப்பான். நீ போடுறதுக்கு முன்னாடியே கேக்குற. படிச்ச புள்ள, அப்படித்தான் இருக்கணும்.

ஒரு வாரமா திண்ணையில சாஞ்சிக்கினு நீ போன்ல போக்கர் ஆடுறதைப் பாத்துக்கினுதான் இருக்கேன். சீட்டு எனக்கொன்னும் புதுசில்ல. பொங்கலுக்கு மங்காத்தா ஆடி, இடுப்பு வேட்டியை மட்டும் காப்பாத்திக்கினு வீடு வந்தவன் நான். அந்த அனுபவத்துல சொல்றேன், உன்னை மாதிரி நேர்மையானவனை நான் பாத்ததே இல்ல. நல்ல சீட்டு வந்தா எரநூறு தள்ளுற, சுமாரா வந்தா இருவது. எதிர்ல இருக்குறவன் உன் சீட்டைப் பாக்கவே வேணாம், தொகையைப் பாத்தாப் போதும்.

செவ்வாக்கெழமை மதகடிப்பட்டு சந்தைக்கு ஒருதரம் வா. மாட்டுத் தரகனுங்க ரெண்டு பேரும் துண்டைப் போட்டு மூடிக்கினு உள்ளே வெரலைப் புடிச்சி வெலை பேசுவானுங்க. பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒரு எழவும் தெரியாது. நீ துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கினு பேரம் பேசுற. உன் மாட்டுக்கு எத்தினி பல்லுன்னு சந்தைக்கே தெரியுது. அதனால நல்ல சீட்டுக்கும், சீட்டு இல்லாம மெரட்டுற பிளஃபுக்கும் ஒரே அளவு போடு. அதான் உனக்குத் துண்டு.

சரி, அந்த ஒரே அளவு எவ்ளோ? நீ போடுற தொகைங்கிறது எதிராளிக்கு நீ சொல்ற வெலை. நடுவுல பாட்ல 100 ரூபா கெடக்குது, நீ 50 போடுற. அவன் 50 கட்டினா பாட் 200 ஆவும். அப்போ நாலுல ஒரு தரம் ஜெயிச்சாலே அவனுக்குக் கையக் கடிக்காது. நீ 100 போட்டா மூணுல ஒரு தரம் ஜெயிக்கணும். 33 போட்டா அஞ்சுல ஒரு தரம் போதும். இதுக்கு மேல கணக்கு வேணாம், இதுவே உனக்கு ஜாஸ்தி.

இப்போ அவன் கையில ரெண்டு ஆட்டின், கீழ ரெண்டு ஆட்டின். இன்னொன்னு வந்தா ஃபிளஷ். கடைசி ஒரு சீட்டுதான் பாக்கி. கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டுல ஆட்டின் 9. ஏறக்கொறைய அஞ்சுல ஒன்னு. நீ 33 போட்டா அவனுக்கு அது கட்டுபடியாவுற வெலை. 50 போட்டா நட்டத்துக்கு வாங்குறான், ஆனா ஆசையில வாங்குவான். நீ இன்னா பண்ணின? பயந்துக்கினு 500 போட்ட. அவன் சீட்டை வச்சிட்டு எழுந்து போயிட்டான். உன்னை ஜெயிக்கிற சீட்டு வச்சிருக்குறவன் மட்டும் உக்காந்திருந்தான். வாங்க வந்தவனைத் தொரத்திட்டு, கடைக்குள்ள திருடனை மட்டும் வச்சிப் பூட்டுறதுக்கு எவ்ளோ சாமர்த்தியம் வேணும்!

இன்னொன்னு. மொதல்ல போடுற அளவு சின்ன சமாச்சாரம்னு நெனைக்கிற. உங்கிட்ட 1000, பாட்ல 60. ஃபிளாப், டர்ன், ரிவர்னு மூணு சுத்துலயும் பாதிப் பாட் போட்டு அவனும் கட்டினா 30, 60, 120. மொத்தம் 210. முழுப் பாட் போட்டா 60, 180, 540. மொத்தம் 780. ஆரம்பத்துல வித்தியாசம் 30 ரூபா, முடிவுல 570. சொர்ணாவூர் அணைக்கட்டுல பலகையை ஒரு சாண் தூக்குறாங்களா ரெண்டு சாண் தூக்குறாங்களாங்கிறது அங்க நிக்கிறவனுக்குப் பெரிசாத் தெரியாது. பங்காரு வாய்க்கால்ல வந்து நம்ம பாகூர் ஏரியில சேரும்போதுதான் தெரியும்.

சின்னதாப் போட்டா பயந்தவன்னும் நெனைச்சிடாத. 1752ல நம்ம பாகூர்லயே ஒரு ஆட்டம் நடந்திருக்குது. இங்கிலீஷ்காரன் லாரன்ஸ் பயந்தவனாட்டம் பின்வாங்கிப் போனான். புதுச்சேரியில இருந்த பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ், விடாதே தொரத்துன்னு தன் சொந்தக்காரன் கெர்ஜானை ஏவினான். அவன் பாகூர் வரைக்கும் வந்து கூடாரம் அடிச்சான். விடியறதுக்குள்ள லாரன்ஸ் திரும்பி வந்து அடிச்சதுல கெர்ஜானே கைதியாப் போனான். இன்னிக்கு நீ வண்டியில வந்து போற ஊருதான். நீ மொத்தத்தையும் தள்ளி ஆல்-இன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த கெர்ஜான் தொரைதான் ஞாபகத்துக்கு வர்றான்.

ஆனா நான் பாத்ததுல அளவைப் பத்திக் கவலையே படாத ஆளு ஒருத்தன்தான், மேஜை போட்டவன். ஒவ்வொரு பாட்லயும் ரேக்குன்னு பெரும்பாலும் நூத்துக்கு அஞ்சு எடுத்துக்குவான். நம்ம ஊர்ல இதுக்குத் தரகு காசுன்னு பேரு, ஆனா அவனுக்கு மாடும் இல்ல, சாணி அள்ளுறதும் இல்ல. அதுக்கு மேல சர்க்காரு. 2023 ஏப்ரல்ல இருந்து நிகர ஜெயிப்புல 30 சதவீதம் வரிப் பிடித்தம், அதே வருசம் அக்டோபர்ல உள்ள போடுற பணத்து மேலயே 28 சதவீதம் ஜிஎஸ்டியும் போட்டாங்க. இதையெல்லாம் தாண்டி ஜெயிக்கணும்னா நீ எதிர்ல இருக்குற பையனை விடக் கொஞ்சம் கெட்டிக்காரனா இருந்தாப் பத்தாது.

2025 பிப்ரவரியில தமிழ்நாட்டுல ராத்திரி 12ல இருந்து காலையில 5 வரைக்கும் ஆன்லைன்ல காசு வச்சி ஆடக்கூடாதுன்னு விதி போட்டாங்க. சாராயத்துக்கு ஆத்தைத் தாண்டி புதுச்சேரிப் பக்கம் சோரியாங்குப்பம் வர்றாப்பல, உன் கடலூர் சிநேகிதனுங்க சீட்டுக்கு நம்ம தோட்டத்துல வந்து உக்காந்தானுங்க. அது தமிழ்நாட்டுச் சட்டம், நம்மளை இன்னா பண்ணும்னு சிரிச்ச. ஆறு மாசத்துல தில்லியில இருந்தே வந்துடுச்சி. ஆகஸ்ட் 22ல குடியரசுத் தலைவர் கையெழுத்து. காசு வச்சி ஆடுற ஆன்லைன் ஆட்டம் எதுவும், திறமையோ அதிர்ஷ்டமோ, நாடு முழுக்கக் கெடையாது. நடத்துறவனுக்கு மூணு வருசம் வரைக்கும் செயிலு, ஒரு கோடி வரைக்கும் அபராதம். ஆடுறவனுக்குத் தண்டனை வைக்கல, உன்னைப் பாத்துப் பரிதாபப்பட்டிருப்பாங்க.

இப்போ எவனோ அனுப்புன லிங்க்கைப் புடிச்சி ஏதோ வெளிநாட்டு மேஜையில உக்காந்திருக்குற. சீட்டு கலைக்கிறவன் மொகம் தெரியாது, எதிர்ல நாலு பேரும் ஒரே ரூம்ல உக்காந்திருக்கானுங்களான்னு தெரியாது, ஜெயிச்ச காசு வரலேன்னா எந்த டேசன்ல போய் நிப்ப? இதுல முப்பத்தி மூணு போடலாமா அம்பது போடலாமான்னு என்னைக் கேக்குற.

நானும் ஒன்னு கேக்கணும். விதைநெல் எடுக்கணும்னு ஐப்பசியில ஐந்நூறு ரூபா வாங்கின. நெல்லு இன்னும் வீட்டுக்கு வரல.