கும்பிடு போடும் கைகள்

ஸ்காபரோவின் வோபர்னில் தைப்பொங்கலோ தேர்தலோ கிட்டிவிட்டதென்று அறிய நாட்காட்டி தேவையில்லை. மண்டப வாசலில் காரை விட்டு இறங்கும் அரசியல் கனவான், எதிரில் நிற்பது யாரென்று பார்ப்பதற்கு முன்பே கும்பிடு போட்டால் இரண்டில் ஒன்று வந்துவிட்டது.

மேடையில் அந்தக் கும்பிடைக் கவனித்துப் பாருங்கள். கமரா உயரும்போது கை சேரும். படம் எடுத்து முடிந்ததும் பிரியும். பிரிந்த கை நேரே கோட்டுப் பைக்குள் போய்ப் போனை எடுக்கும். இதற்கு நடுவில் தட்டுத்தடுமாறி ஒரு 'வணக்கம்' வரும். அதற்கே மண்டபம் அதிரக் கைதட்டுவோம்.

இந்தக் கைகள் கனடாத் தமிழர் எங்களைக் கண்டு எப்போதும் இப்படிக் குவிந்ததில்லை. 2009 மே 10. முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது, பிள்ளைவண்டில்களோடு ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தோம். ஊருக்கு அன்று பெரும் கவலை வாகன நெரிசல்! 2010 ஆகஸ்டில் 492 ஈழத் தமிழரோடு சன் சீ கப்பல் வந்தது. வந்தவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு தடுப்புக்காவல். பிரதமர் ஹார்ப்பரின் அரசு அதோடு நிற்காமல், அப்படிக் கூட்டமாக வருவோரை அடைத்துவைக்க 2012 இல் சட்டமும் செய்தது.

பிறகு எங்கள் வாக்குகளை யாரோ எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். 2014 இல் ஒன்ராறியோவும் 2016 இல் மத்திய நாடாளுமன்றமும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்றன. 2017 இல் பிரதமர் ட்ரூடோ வேட்டி கட்டிப் பொங்கலுக்கு வந்தார். அடுத்த வருஷம் இந்தியாவுக்குப் போய் அவர் குடும்பத்தோடு கும்பிட்ட படங்களைப் பார்த்து இந்தியர்களே சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிக்க நேரம் எங்கே? நாங்கள் பொன்னாடை வாங்கப் போய்விட்டோம்.

கும்பிட்டவர்கள் செய்தது என்ன? ஸ்காபரோ ரயிலைக் கேளுங்கள். 2013 இல் மாநகர சபை ஏழு நிறுத்த இலகு ரயிலைத் தள்ளிவிட்டு மூன்று நிறுத்தச் சுரங்க ரயில் என்றது. 2016 இல் மூன்று ஒன்றானது. 2019 இல் மாகாண அரசு வந்து மறுபடி மூன்று என்றது. இவர்கள் விரல்விட்டு எண்ணி முடிப்பதற்குள், 1985 முதல் ஓடிய பழைய ரயில் 2023 ஜூலை 24 அன்று தடம்புரண்டு ஐந்து பேர் காயப்பட்டார்கள். அதோடு அதன் கதையும் முடிந்தது. இப்போது ஜனவரிக் குளிரில் எல்ஸ்மியர் வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் அம்மாவும் இரண்டு கையையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார். விறைத்த விரலைத் தேய்த்துச் சூடேற்ற!

பயத்திலும் கும்பிடு வரும். 2020 மார்ச்சில் வெள்ளை மாளிகையில் ட்ரம்பும் அயர்லாந்துப் பிரதமர் வரத்கரும் கைகுலுக்காமல் கும்பிட்டுக்கொண்டார்கள். கொரோனா பயம். எங்கள் தலைவர்களுக்கு இருப்பது வேறு பயம். கைகுலுக்கினால் வாக்காளன் பிடித்த கையை விடாமல் கேள்வி கேட்பான். கும்பிட்டால் தொடாமலே தப்பிவிடலாம்.

பகைவன் தொழுகிற கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கும் என்று வள்ளுவர் எச்சரித்தார். பாவம், அவர் கண்ட பகைவனாவது ஏதோ கொண்டுவந்தான். இவர்கள் கைக்குள் ஒரு ரயில் ரிக்கற்கூட இல்லை.

அவர்களைத் திட்டி என்ன பயன்? வெறுங்கும்பிடுக்கு விலை வைத்து வாங்கியவர்கள் நாங்கள். கட்சி எதுவென்றாலும் மாலை, பொன்னாடை, முன்வரிசைக் கதிரை. போதாததற்கு, அந்தப் படத்தைச் சட்டம்போட்டுக் கடைச் சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுகிறோம்.

அடுத்த பொங்கலுக்கு ஒன்று செய்யுங்கள். மேடைக்கு வருகிறவரைக் கையைக் கீழே விடச் சொல்லுங்கள். இத்தனை வருஷம் எங்களுக்கு என்ன செய்தார், இனி எதை எந்தத் திகதிக்குள் செய்வார் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதற்கு ஒரு கை போதும்.