பிழை காத்தல்: 1969-ஆம் ஆண்டுக் கமாரோவும் அதன் உடைமையாளர் கடமைகளும்

ஒரு பொருளை வைத்திருப்பவர் அதிலுள்ள குறைகளை நீக்கவே முயல்வார் என்பது பொருளியல் அறிஞர்களும் வீட்டுப் பெரியவர்களும் ஒருமித்து ஏற்றுக்கொண்ட கொள்கை. ஒழுகும் கூரையை வேய்கிறோம், ஆடும் நாற்காலிக்கு ஆப்பு வைக்கிறோம், பிசிறடித்த வேட்டியை ஓரம் அடிக்கக் கொடுக்கிறோம். இந்தப் பொதுவிதிக்கு ஒரு புறனடை உண்டு. ஆய்வுலகம் அதை இதுவரை உரிய கவனத்தோடு நோக்கவில்லை. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், கார் விற்கும் முகவர்களின் பட்டறையிலோ அவர்களுடைய நச்சரிப்பாலோ மிகைவலு ஏற்றப்பட்ட அரிய மஸில் கார்களை வைத்திருப்போரே அந்தப் புறனடை. இவர்கள் குறையை நீக்குவதில்லை. இருக்கும் குறையைக் கண்ணும் கருத்துமாகப் பேணுகிறார்கள். இல்லாத குறையைத் தேர்ந்த தொழிலாளி வைத்து, பெரும் பொருள் செலவழித்து உண்டாக்குகிறார்கள். ஆகவே இத்தகைய காரை உடைமையாகக் கொள்வது பிறர் செய்த பிழைகளுக்குக் காவலிருக்கும் பணி என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். வேகம் இதில் ஒரு பக்கவிளைவு.

சான்றுகளைப் பிறப்பிலிருந்தே தொடங்கலாம். கார்வெட் நீங்கலாக, நடுத்தர, சிறிய கார்கள் எதிலும் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை ஏற்றக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் அந்நாளில் விதி வைத்திருந்தது. பொறுப்புள்ள விதிதான். அதன்படி அந்நிறுவனத்தின் செவ்ரோலே பிரிவு விற்ற கமாரோ என்ற சிறிய காருக்கு உச்சவரம்பு 396. ஆனால் அதே நிறுவனம் 427 கன அங்குலத்தில், அதாவது 7 லிட்டரில், இன்னொரு எஞ்சினையும் வார்த்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே குடும்பம், ஒன்று கழற்றிய இடத்தில் மற்றது உட்காரும். பென்சில்வேனியா மாநிலத்துக் கேனன்ஸ்பர்க்கில் செவ்ரோலே விற்பனையகம் நடத்திய டான் யெங்கோ தாமே பந்தயக்காரர். 1967-இல் அவர் 396-ஐ இறக்கி 427-ஐ ஏற்றி விற்கத் தொடங்கினார். 1969-க்குள் அந்தச் சிரமமும் குறைந்தது. டாக்சிக்கும் போலீஸ் வண்டிக்கும் மொத்தமாக ஆர்டர் எடுப்பவர்கள் தனி நிறம், தனிச் சாதனம் என்று கேட்டால் எழுதி அனுப்புவதற்கென்று ‘சென்ட்ரல் ஆஃபீஸ் புரொடக்‌ஷன் ஆர்டர்’ என்றொரு படிவம் இருந்தது. கோப்போ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதில் 9561 என்ற எண்ணைக் குறித்தால் 425 குதிரைத்திறன் கொண்ட 427 எஞ்சின் தொழிற்சாலையிலேயே கமாரோவில் ஏறிவிடும். தலைமையகத்தின் விதியைத் தலைமையகத்தின் படிவத்தைக் கொண்டே மீறினார்கள். வேலி பயிரை மேய்ந்தது என்பது பழமொழி. இங்கே வேலி மூன்று பிரதி எடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு மேய்ந்தது.

அன்று எழுதப்பட்ட பொய்களும் காக்கப்படும் பிழைகளுள் அடங்கும். காப்பீட்டு நிறுவனங்கள் குதிரைத்திறனைப் பார்த்துக் கட்டணம் ஏற்றின. பந்தய அமைப்புகளும் அதைப் பார்த்தே வகுப்புப் பிரித்தன. எனவே உற்பத்தியாளர்கள் எண்ணிக்கையில் அடக்கம் காட்டினர். ஃபோர்டின் 428 கோப்ரா ஜெட் எஞ்சினுக்கு 335 என்று எழுதினார்கள். ஓட்டிப் பார்த்த எவரும் நம்பவில்லை. செவ்ரோலேயின் பந்தய எஞ்சினான எல்88-க்கு 430 என்றும், அதைவிடச் சாதுவான மூன்று கார்புரேட்டர் எஞ்சினுக்கு 435 என்றும் போட்டார்கள். விவரமறியாதவர் பெரிய எண்ணைக் கேட்டு வாங்கிச் சுகமாக வீடு திரும்பட்டும் என்பது உள்நோக்கம். எல்88-இன் உண்மை வலு 500-ஐத் தாண்டும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். ஆயினும் கண்காட்சியில் காரின் முன்னால் வைக்கும் அட்டையில் 430 என்றே எழுதுவார்கள். உண்மையை எழுதினால் கார் போலியோ என்ற ஐயம் எழும்.

அடுத்து, அருமை. கோப்போ 9560 என்பது 9561-இன் அண்ணன்: முழுக்க அலுமினியத்தில் வார்த்த இசட்எல்1 எஞ்சின். பந்தய வகுப்பில் சேர்க்க 50 கார்களாவது உருவாகியிருக்க வேண்டும் என்று தேசிய ஹாட்ராட் சங்கம் விதித்திருந்ததால், இல்லினாய் மாநிலத்து லாஹார்ப் என்ற சிற்றூரின் விற்பனையாளர் ஃபிரெட் கிப் 50 கார்களுக்கும் தாமே ஆர்டர் கொடுத்தார். வண்டிகள் வந்தன, விலைச்சீட்டும் வந்தது. எஞ்சினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல். முழுக் காருக்கு 7,000-க்கும் மேல். அந்தக் காசுக்குச் சாதாரணக் கமாரோ இரண்டு வாங்கி, மிச்சத்தில் பல ஆண்டுகளுக்குப் பெட்ரோலும் அடித்திருக்கலாம். லாஹார்ப்வாசிகள் கணக்குத் தெரிந்தவர்கள், வாங்கவில்லை. கிப் பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்ப, செவ்ரோலே அவற்றை மற்ற விற்பனையகங்களின் தலையில் கட்டியது. மொத்தம் உருவானவை 69. இன்று அவற்றுள் ஒன்று ஏலத்துக்கு வந்தால் அரங்கம் எழுந்து நிற்கிறது. 1971-இல் பிளிமத் ஹெமி குடாவின் திறந்த கூரை வடிவத்தில் 11 மட்டுமே வெளிவந்தன. அதுவும் அரிதாக்க வேண்டும் என்ற திட்டத்தால் அல்ல, கேட்க ஆளில்லாததால். ஹெமி எஞ்சினுக்கு அன்று வாங்கிய கூடுதல் தொகை 900 டாலருக்கும் குறைவு. 2014-இல் அந்த 11-இல் ஒன்று மீக்கம் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. இவற்றிலிருந்து பெறப்படும் விதி: ஒரு காரின் இன்றைய விலை, அன்று அதை வேண்டாமென்று தள்ளிய கைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் அமையும். அங்ஙனமாயின் ஃபோர்டு விற்கத் திணறிய எட்செல் அன்றோ பெருவிலை பெறவேண்டும் எனின், அற்றன்று. சலித்து மறுத்தல் வேறு, அஞ்சி மறுத்தல் வேறு. எட்செல்லைப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். இசட்எல்1-ஐப் பார்த்தவர்கள் பணப்பையையும் காப்பீட்டுத் தாளையும் மார்போடு அணைத்துக்கொண்டார்கள். நம் விதி பின்னதற்கே பொருந்தும்.

இனி ஆய்வின் நடுப்பகுதி. ஒஹையோவின் நார்வுட் தொழிற்சாலையில் கமாரோக்கள் வரிசையில் நகர்ந்தபோது, போல்ட்டை முறுக்கியவர் முறுக்கியதற்கு அடையாளமாகப் பெயின்ட்டை ஒரு தீற்றுத் தீற்றினார். இன்னொருவர் எஞ்சின் அறையின் பின்சுவரில் கிரேயானால் ஏதோ கிறுக்கினார். அடித்தளத்துக்குக் கருப்பு அடித்தவர் பாதியை அடுத்த பாகத்தின்மேலும் தெளித்தார். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கை எப்படிப் போகுமோ அப்படியே போயிருக்கிறது. இன்று அவற்றை மீட்டமைக்கும் வல்லுநர்கள் பழைய புகைப்படங்களையும், இதுவரை கைபடாத கார்களையும் ஒப்பிட்டு, எந்த மாதத்தில் எந்த நிறத் தீற்று, கிறுக்கல் எந்தக் கோணத்தில் சாய்ந்தது, தெளிப்பு எதுவரை வழிந்தது என்றெல்லாம் பாடபேதம் பார்க்கிறார்கள். ஏடுகளை ஒப்பிட்டுச் சுவடி பதிப்பித்தவர்களின் உழைப்புக்கு இது எவ்வகையிலும் குறைந்ததல்ல. பதிப்பித்த பொருளின் தரத்தில்தான் வேறுபாடு. கார்வெட்களைத் தரம் பிரிக்கும் சங்கம் ஒன்று 1974 முதல் இயங்குகிறது. தொழிற்சாலையைவிட நன்றாகப் பெயின்ட் அடித்தால் அங்கே மதிப்பெண் குறையும். மேன்மை அங்கே ஒரு பிழை. அந்த வகைப் பிழையை மட்டும் அவர்கள் காப்பதில்லை. எஞ்சின் கட்டையின் முன்விளிம்பில் எண் அச்சிட்ட பட்டையில், அதைச் செதுக்கிய இயந்திரத்தின் பற்கள் விட்ட மெல்லிய கீறல்கள் இருக்கும். பின்னாளில் எவரேனும் அந்த இடத்தை வழவழப்பாக்கி வேறு எண் அடித்திருந்தால், கீறல் இல்லாமை கொண்டே பிடித்துவிடுவார்கள். கீறலே கற்பு.

இங்கே நம் கொள்கைக்கு ஒரு கடுஞ்சிக்கல். பிறப்பில் ஏறிய எஞ்சின் இன்றும் அதே காரில் இருக்கவேண்டும் என்பது சேகரிப்போரின் முதல் மந்திரம். ஆனால் 1967-ஆம் ஆண்டின் யெங்கோ கமாரோ, பிறப்பு எஞ்சினைக் கழற்றிப் போட்டதால்தானே யெங்கோ கமாரோ ஆயிற்று? அதில் தொழிற்சாலை ஏற்றிய 396 இருந்தால் அது எஞ்சின் பொருந்திய சாதாரணக் கார். 427 இருந்தால் எஞ்சின் பொருந்தாத உயர்ந்த கார். ஆக, பொருந்தாமையே இங்கே பொருத்தம். ஏதோ ஒரு வீட்டுக் கொட்டகையில் எவரோ 427-ஐ ஏற்றியிருந்தால் அது மோசடி. கேனன்ஸ்பர்க்கில் ஏற்றியிருந்தால் அது வரலாறு. எந்தப் பிழையும் தன்னளவில் மதிப்புடையதல்ல, யார், எங்கே, எப்போது செய்தார் என்பதே மதிப்பை ஆக்குகிறது என்பது இதிலிருந்து துணியப்படும். அதை மெய்ப்பிப்பதோ எளிதல்ல. கமாரோவின் அடையாள எண்ணைப் படித்தால் செவ்ரோலே, வி8, இரு கதவு, 1969, நார்வுட் என்பவை தெரியும். எந்த வி8 என்பது மட்டும் தெரியாது. அதனால் மடித்துக் கிழிந்த பில், இருக்கையின் அடியில் எலிக்குத் தப்பிய தாள், உத்தரவாதத்துக்காகக் கொடுத்த சிறு உலோகத்தகடு ஆகியவற்றை நம்பி வாழவேண்டியிருக்கிறது. அன்று கனடாவில் விற்ற வண்டிகளுக்கு ஜெனரல் மோட்டார்ஸின் கனடாக் கிளை ஆவணம் தேடித் தருகிறது. எனவே எல்லைக்கு வடக்கே குளிரில் துருப்பிடித்த கார், தெற்கே பளபளப்பாக நிற்கும் காரைவிடச் சில நேரம் நிம்மதியாக உறங்குகிறது.

இதற்கு எழும் தடைகளுள் வலியது ஒன்று: ஓட்டத்தானே கார், ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்களே, அவர்களுமா பிழை காக்கிறார்கள்? காக்கிறார்கள், நிறுத்தி வைப்பவர்களைவிடத் தீவிரமாக. 11-க்கு 1 என்ற அழுத்த விகிதத்துக்காக வார்த்த அந்தக் கோப்போ 427 எஞ்சின் குடித்தது, ஈயம் கலந்த உயர்ரகப் பெட்ரோல். 1996 ஜனவரி முதல் தேதியோடு அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்பனை சட்டப்படி முடிந்துவிட்டது. ஆகவே பந்தய எரிபொருளைக் கலந்து ஊற்றுகிறார்கள். மிச்சிகனில் மாறாத மஸில் கார்களுக்கென்றே நடக்கும் கால்மைல் பந்தயத்தில், பந்தய டயர் கூடாது என்பது விதி; பலர் பழைய வகை டயரின் மறுபதிப்பைப் போட்டே ஓட்டுகிறார்கள். குட்இயர் பாலிகிளாஸ் டயர் சாலையைப் பிடிப்பதில் நாட்டமில்லாதது. வலு முழுவதும் புகையாகப் போகும். பந்தய டயர் போட்டால் காலம் குறையும், போட்டால் நீக்கிவிடுவார்கள். வி6 எஞ்சின் பூட்டி 301 குதிரைத்திறனோடு குடும்பத்தை ஏற்றிச் செல்லும் டொயோட்டா கேம்ரி பச்சை விளக்கில் இவற்றுள் பலவற்றுக்கு ஈடுகொடுக்கும் என்று எள்ளுவோர் உண்மையே பேசுகிறார்கள். ஆனால் கேம்ரியிடம் காப்பதற்கு எதுவும் இல்லை.

முதலீடுதான் காரணம் என்னும் இன்னொரு தடை விரைவில் தீரும். விலை ஏறும் என்பதற்காகப் பிழை காக்கிறார்கள் என்றால், பிழைக்கு ஏன் விலை ஏறுகிறது என்ற வினா அப்படியே நிற்கிறது; காரணத்தின் இடத்தில் விளைவை உட்காரவைத்திருக்கிறார்கள்.

நம் கொள்கையைச் சோதிக்கத் தொழிற்சாலையே ஒரு பரிசோதனை நடத்திக் கொடுத்தது. 2012-இல் செவ்ரோலே கோப்போ என்ற பெயரைத் தூசி தட்டி, கால்மைல் பந்தயத்துக்கு மட்டுமேயான, சாலையில் ஓட்டக்கூடாத கமாரோக்களை விற்றது. எத்தனை என்றால், சரியாக 69. 1969-இல் யாரும் வாங்காததால் நின்றுபோன எண்ணிக்கையை இம்முறை முன்கூட்டியே தீர்மானித்து, அச்சடித்து, அறிவித்தார்கள். வாங்க விரும்பியோர் வரிசையில் நின்றார்கள். லாஹார்ப்பில் போல எவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. கிறுக்கல் எங்கே இருக்கவேண்டும் என்று பின்னாளில் வாதாட, நார்வுட் தொழிலாளியின் அயர்ந்த கையும் இல்லை, படிவத்தை வளைத்த கள்ளத்தனமும் இல்லை. இவற்றை மீட்டமைக்கப்போகும் வல்லுநர் எதைப் பார்த்துப் பிழை செய்வார் என்பது திறந்த வினா; அதற்கான தரவு இன்னும் ஐம்பது ஆண்டு கழித்தே கிடைக்கும்.