ரசமட்ட ரசிகர்

"ஞாயிற்றுக்கிழமை வாங்க சார், 'பிரியா' எல்பி கேட்கலாம். 1978ல வந்த ஸ்டீரியோ!" என்று அழைப்பார் நம் ரசமட்ட ரசிகர். நம்பிப் போனால் டர்ன்டேபிள் மேல் கொத்தனாரின் ரசமட்டம் உட்கார்ந்திருக்கும். அவரோ மேஜைக்கடியில் படுத்து, காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். "குமிழி நடுவுல நிக்கணும். கொஞ்சம் சாஞ்சாலும் ஜேசுதாஸுக்கு ஜலதோஷம் வந்துடும்."

அடுத்தது எடை போடும் படலம். குட்டித் தராசில் முள்ளை இறக்கி, ஒன்றே முக்கால் கிராம் வரும்வரை மூச்சை அடக்குவார். அழுத்தம் கூடினால் இசைத்தட்டு தேயும், குறைந்தால் முள் துள்ளிக் கீறும். அதெல்லாம் சரிதான். "துவரம்பருப்பை ஒருநாள் இப்படி நிறுத்துப் பார்த்ததுண்டா?" என்று சமையலறையிலிருந்து வரும் கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் கிடையாது.

பிறகு பாடம். "ரெக்கார்டு வெட்டும்போதே பேஸைக் குறைச்சு, ட்ரெபிளை ஏத்தித்தான் வெட்டுவாங்க. இல்லேன்னா பள்ளம் அகலமாகி, ஒரு பக்கத்துல ரெண்டு பாட்டுகூட அடங்காது. போனோ ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாத் திருப்பிச் சமன் பண்ணிடும். 1954லேயே அதுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ.ன்னு கணக்குப் போட்டுட்டாங்க."

அதாவது, சமன் செய்யும் வேலை ப்ரீஆம்ப் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிட்டது. அப்படியானால் பக்கத்தில் பத்துப் பட்டன்களோடு பளபளக்கும் ஈக்வலைசர் எதற்கு? அது எண்பதுகளின் பாக்கி. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலை நீட்டி, 'தொண்ணூறு' நிமிடக் கேசட்டுக்காகக் காத்துநின்ற வயதில் கண்ணில் விழுந்த சிவப்பு, பச்சை விளக்குகள் இன்னும் அணையவில்லை.

31 ஹெர்ட்ஸில் தொடங்கி 16 கிலோஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குவார். ஒவ்வொரு பாட்டுக்கும் எது எவ்வளவு என்று நோட்டுப் புத்தகத்தில் ஜாதகம் உண்டு. கடைசிப் பட்டனை உச்சிக்குத் தள்ளி, "சிம்பல் ஜிலீர்னு இருக்கா?" என்பார். அறுபது தாண்டிய காதுகள் அந்த உயரத்துக்கு எப்போதோ விடைகொடுத்திருக்கும். வீட்டு நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

ஒருவழியாக முன்னிசை முடிந்து பல்லவி தொடங்கும். உடனே முள்ளைத் தூக்கிவிடுவார். "250ல கொஞ்சம் மொத்தமா இருக்கு, கவனிச்சீங்களா?" மறுபடி முதலிலிருந்து. இப்படியே சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அவரிடம் உள்ள தட்டுகளில் முன்னிசைகள் தேய்ந்துபோயிருக்கும், சரணங்களோ கடையில் வாங்கியபடியே புத்தம்புதிதாக இருக்கும்.

மறந்தும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். "இன்னும் நல்லா ஆக்கலாம்" என்று ஸ்க்ரூட்ரைவரோடு வருவார். "சுமார்" என்றால் இரவுச் சாப்பாடும் அங்கேதான்.

நீங்களே புதிதாக டர்ன்டேபிள் வாங்கியிருந்தால், அவர் சொல்வதில் பாதியைக் கேளுங்கள். மட்டம் பாருங்கள், முள்ளை நிறுத்துவிடுங்கள், 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் எர்த் ஒயரை மாட்டுங்கள். ஈக்வலைசர் பட்டன்களை நடுவில் நிறுத்திவிட்டு உட்காருங்கள். சரணம் முடியும்வரை எழுந்திருக்காதீர்கள்.