வயலுக்கு வேலி எது?

? நிலம் குறைந்தால் என்ன, வீரிய ரகங்களால் விளைச்சலைக் கூட்டிவிடலாமே? (வாசகர், திருச்சி)

! கூட்டலாம், வயல் வயலாக இருந்தால். கிராவல் கொட்டி மேடாக்கிய நஞ்சையில் எந்த ரகமும் வேர் பிடிக்காது.

? காசிருந்தால் இறக்குமதி செய்துகொள்ளலாம்தானே? (வாசகி, கோவை)

! விற்பவர் கதவைச் சாத்திவிட்டால்? நாமே சாத்தினோம். 2022 மே மாதம் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை. தன் மக்களின் சோற்றுக்குப் பிறகுதான் எந்த நாடும் வியாபாரம் பேசும். கையில் காசுள்ள சீனாவே விளைநிலம் 12 கோடி ஹெக்டேருக்குக் கீழே இறங்கக்கூடாது என்று சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறது.

? டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகிவிட்டதே. இன்னும் ஏன் புலம்பல்? (வாசகர், கும்பகோணம்)

! 2020-ல் வந்த அந்தச் சட்டம் நல்ல சட்டம். மீத்தேன், ஷேல் எரிவாயு, புதிய எண்ணெய்க் கிணறு, தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை எல்லாவற்றுக்கும் தடை. போராடிய ஊர்களின் வெற்றி அது. ஆனால் தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை. தலைமடையில் ஒருவர் நாலு ஏக்கரை மனை போடுகிறார். கல் நடுவதற்கு முன்பே வயல்வாய்க்காலைத் தூர்த்துச் சாலை போட்டுவிடுகிறார்கள். கீழே இருக்கும் வயல்களுக்குத் தண்ணீர் ஏறாது. மழைக்காலத்தில் வடியவும் செய்யாது. இரண்டு போகம் தரிசு கிடந்தால் அதையும் வாங்க ஆள் வந்து நிற்கும். நாலு ஏக்கர் போனதாகத்தான் பதிவாகும். பாழானதோ அந்த மடைப் பாசனம் முழுவதும். என்னைக் கேட்டால், சட்டம் முதலில் காக்க வேண்டியது வாய்க்காலைத்தான்.

? கட்டுப்படியாகாமல் விற்கும் விவசாயி குற்றவாளியா? (வாசகர், மன்னார்குடி)

! இல்லவே இல்லை. ஊருக்கே சோறு வேண்டும், நஷ்டம் மட்டும் அவர் ஒருவருக்கு என்பது அநியாயம். கேரளம் நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தை 2008-ல் கொண்டுவந்தது. 2020-ல், வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. தொகை போதாது. ஆனால் வழி அதுதான். இங்கேயும் வேண்டும், தாராளமாக வேண்டும்.

? அரசாங்கமே நஞ்சையைக் கேட்டால்? (வாசகி, விழுப்புரம்)

! 2013 நிலம் எடுப்புச் சட்டத்தின் 10-வது பிரிவைப் படியுங்கள். பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம். சாலைக்கும் ரயில் பாதைக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கு மிகப் பெரிய ஓட்டை.

? மனை வாங்கப் போகிறேன். நான் என்ன செய்ய முடியும்? (வாசகர், தஞ்சாவூர்)

! முன்பணம் கொடுப்பதற்கு முன் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கிறது. மனைக்குள் வாய்க்கால் ஓடினால், அந்த நிலம் நஞ்சை என்றால், தயவுசெய்து வாங்காதீர்கள். அடுத்த கிராம சபையில் அந்த வாய்க்காலின் சர்வே எண்ணைச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள்.