பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பெறுநர்: இண்டெல் நிறுவனத்தார், சான்டா கிளாரா, கலிபோர்னியா.

பொருள்: 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களின் கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலையை, வாங்கியவர்களிடமே சம்பளமின்றி ஒப்படைத்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

2022 அக்டோபரில் 13ஆம் தலைமுறையையும், 2023 அக்டோபரில் 14ஆம் தலைமுறையையும் சந்தைக்குக் கொண்டுவந்தீர்கள். அறிமுகத்தின்போது அவற்றின் உச்சியில் இருந்த கோர் ஐ9-14900கே, 6 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும் என்றீர்கள். ஓடியது. அன்ரியல் எஞ்சினில் செய்த ஒரு கேமைத் திறந்தால் மட்டும், ஷேடர்களைத் தயார்செய்யும் பட்டை பாதி நிரம்பியதும் கேம் மூடிக்கொண்டு, வீடியோ மெமரி போதவில்லை என்று ஒரு செய்தியை விட்டுச் சென்றது. 24 ஜிபி மெமரி கொண்ட கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தவர்களுக்கும் இதே செய்திதான். உண்மையில் அந்த நேரத்தில் கோர்கள் எல்லாம் சேர்ந்து, சுருக்கி வைத்த தரவுகளை முழு வேகத்தில் விரிக்கின்றன. அதில் ஒரு பிட் பிசகினாலும் விரித்தது உதவாது. பிசகியது பிராசசர் என்று கேமுக்கு எப்படித் தெரியும்? அது பார்ப்பதும் கேட்பதும் அதே பிராசசர் வழியாகத்தானே! தப்புக் கணக்கு எழுதியவரையே தணிக்கைக்கும் உட்கார வைத்தால், பழி பக்கத்து மேசைக்குத்தான் போகும்.

அப்படியே போனது. டிரைவரை அழித்துப் புதிதாகப் போடுவது, நூறு ஜிபி கேமை மறுபடி இறக்குவது, ரேமை மாற்றிப் பார்ப்பது, விண்டோஸை மீண்டும் நிறுவுவது, கடைசியில் எந்தத் தவறும் செய்யாத கிராஃபிக்ஸ் கார்டைக் கடையில் திருப்பிக் கொடுப்பது என்று வாங்கியவர்கள் படிப்படியாகத் தொழில் கற்றார்கள். பிராசசர் பக்கம் கைகாட்டியவர்களும் பெரும்பாலும் வெளியாட்கள். தரவு விரிக்கும் ஊடுல் மென்பொருளைச் செய்யும் ராட் கேம் டூல்ஸ், பிழை தங்கள் நிரலில் இல்லை, பிராசசரில் இருக்கிறது என்று விளக்கம் எழுத வேண்டியிருந்தது. கிராஃபிக்ஸ் சிப் செய்யும் என்விடியாவும் 2024 ஏப்ரலில், வீடியோ மெமரி போதவில்லை என்ற செய்தி வந்தால் இண்டெலைக் கேளுங்கள் என்றது. இதற்கிடையில் புழங்கிய கைவைத்தியம் ஒன்று: வேகத்தை நிர்ணயிக்கும் கோர் பெருக்கெண்ணை 55இலிருந்து 53க்கு இறக்கினால் கேம் ஓடும். அதாவது காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் கொஞ்சத்தைத் திருப்பித் தந்துவிட்டால் மிச்சத்தை அனுபவிக்கலாம்.

மதர்போர்டு கம்பெனிகள் மின் வரம்பைத் தளர்த்தியதுதான் காரணம் என்று 2024 ஏப்ரலில் விரலை அந்தப் பக்கம் நீட்டினீர்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 253 வாட்டில் நிறுத்த வேண்டிய சிப்புக்கு 4,000 வாட்டுக்கு மேல் வரம்பு வைத்து, வரம்பே இல்லாமல் செய்த போர்டுகள் இருந்தன. ஆனால் ஜூலையில் தாங்களே, சிப்புக்குள் இயங்கும் எங்கள் மைக்ரோகோடு தவறாக அதிக வோல்டேஜ் கேட்கிறது என்று ஒப்புக்கொண்டீர்கள். செப்டம்பரில் காரணங்களை நான்காகப் பிரித்து வெளியிட்டீர்கள். அதில் ஒன்றுதான் போர்டுகளின் மின் அமைப்பு, மற்ற மூன்றிலும் தங்கள் மைக்ரோகோடு இருக்கிறது. கேட்டதைக் கொடுத்தவன் முதல் குற்றவாளி என்றால் கேட்டவன் யார்? அந்த மூன்றில் ஒன்று இன்னும் விசேஷம்: கணினி சும்மா இருக்கும்போதும் சிப் அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டிருக்கிறது. கேமே ஆடாதவருக்கும் தேய்மானத்தில் சமபங்கு.

மாதக்கணக்கில் மெல்லத் தேயும் கோளாறை உடனே பிடித்துவிட முடியாது என்பீர்கள். நியாயம். கோருக்குள் கடிகாரத் துடிப்பைக் கொண்டுபோகும் சுற்று, கூடுதல் வோல்டேஜிலும் சூட்டிலும் முதுமையடைந்து தாளம் தவறுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டி ஐந்தாக்கியதையும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஆய்வுக்கூடமும் வோல்டேஜ் அட்டவணையும் கையில் உள்ள தங்களுக்கே இத்தனை மாதம் பிடித்தது என்றால், வீட்டில் ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்திருப்பவர் கண்டுபிடித்து, நிரூபித்து, வாரன்டிக்கு வரவேண்டும் என்பது என்ன நீதி? கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்துக்கொண்டே இருப்பவருக்கு ஐந்து ஆண்டு என்ன, ஐம்பது ஆண்டு வாரன்டி இருந்தும் பயனில்லை. அவர் தட்டும் கதவு வேறு. 2024 ஆகஸ்டில் வோல்டேஜுக்கு 1.55 வோல்ட் என்று உச்சவரம்பு கட்டிய திருத்தமும், செப்டம்பர் திருத்தமும், 2025 மே மாதத்தில் வந்த இன்னொன்றும் நல்ல சிப்புகளைக் காக்கும், கெட்டுப்போனவற்றை மீட்காது. அதற்கும் மதர்போர்டின் புதிய பயாஸை வாங்கியவரே தேடி இறக்கிப் போட்டுக்கொண்டால்தான் முழுக் காப்பு.

முன்னுதாரணம் இல்லாத கோரிக்கையோடு வரவில்லை. 1994இல் பென்டியம் வகுத்தல் கணக்கில் பிசகுவதைத் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். சாதாரணப் பயனருக்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பிழை வரும் என்றும், தேவை என்று காட்டுபவருக்கே மாற்றித் தருவோம் என்றும் அப்போதும் சொன்னீர்கள். அந்த டிசம்பரிலேயே மனம் மாறி, கேட்டவர் எவருக்கும் காரணம் கேட்காமல் மாற்றித் தர முன்வந்து, 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதினீர்கள். கம்பெனி மூழ்கிவிடவில்லை.

ஆகவே, இந்த முறையும் நிரூபிக்கும் சுமையை இடம் மாற்றுங்கள். பாதிக்கப்படக்கூடிய மாடல் கையில் இருப்பதே போதிய சான்று என்று ஏற்று, கேட்பவருக்கு மாற்றித் தாருங்கள். இது தவிர, தொடக்ககால 13ஆம் தலைமுறைச் சிப்புகள் சிலவற்றின் உள்ளிணைப்புகளை ஆக்சிஜனேற்றம் அரித்த குறையை உற்பத்தியில் 2023இலேயே சரிசெய்துவிட்டதாக, ஓராண்டு கழித்து 2024 ஜூலையில் எங்களிடம் சொன்னீர்கள்; அந்தச் சிப்புகளின் வரிசை எண்களையும் சொல்லுங்கள். கோளாறு எங்கே என்று அறியும் வசதி யாரிடம் இருக்கிறதோ, அறியாததன் செலவும் அவரிடமே இருக்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஊதியமில்லாச் சோதனைப் பிரிவினர்

நகல்: குற்றமின்றித் திருப்பி அனுப்பப்பட்ட கிராஃபிக்ஸ் கார்டுகளின் உற்பத்தியாளர்களுக்கு, தகவலுக்காக.