ஆறு மணி நேரச் சுலபம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே முக்கால் ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு கார்ச்சாவி குலுங்கும். கணக்குப் பிரிவில் இருக்கும் அந்த ஐம்பத்திரண்டு வயதுக்காரர் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, "இதோ, வீட்டுக்குப் போய்ப் பானையைப் போட்டுட்டு வந்துடறேன்" என்று பொதுவாக அறிவிப்பார். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். ஒஹையோவில் ஜனவரி மாதம் என்றால் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்ட இன்னொரு பத்து. வீட்டில் அவருக்காகக் காத்திருக்கும் வேலை, ஃபிரிட்ஜில் இருக்கும் கோழியை எடுத்துப் பானையில் கவிழ்த்துக் குமிழை 'லோ' பக்கம் திருப்புவது. மொத்தம் ஒன்றரை நிமிடம். திரும்பி வந்து, கையுறையைக் கழற்றியபடி, வாராவாரம் சொன்னதையே சொல்வார்: "வார நாள்ல யாருக்குச் சமைக்க நேரம் இருக்கு? அதுக்குத்தான் இது."

இது என்பது ஸ்லோ குக்கர். உள்ளே கனத்த பீங்கான் பாத்திரம், மேலே கண்ணாடி மூடி, சுற்றுச் சுவருக்குள் மெல்லச் சுடும் கம்பி. எந்த அமெரிக்க அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் இந்தப் பானைக்கு நேர்ந்துவிட்ட ஆசாமி ஒருவர் இருப்பார். ஆணோ பெண்ணோ, குணம் ஒன்றுதான். எங்கள் ஆசாமிக்கு நான் மனசுக்குள் வைத்த பெயர் பானையார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மற்றவர்கள் கொட்டாவி விடும்போது பானையார் முகத்தில் மட்டும் ஒரு பண்ணையார் களை வந்து உட்காரும். வராதா பின்னே? இந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் அவருக்காக வேலை செய்துகொண்டிருக்கிறார். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. "நான் பாட்டுக்கு இங்க உட்கார்ந்திருக்கேன், ராத்திரிச் சாப்பாடு அது பாட்டுக்கு ஆயிட்டிருக்கு" என்று நாற்காலியில் சாய்வார். பெரிய வீட்டுக்காரர்கள் சமையற்காரரை உள்ளே விட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்த தோரணை அது.

மூன்று மணி வரைதான். மூன்றடித்தால் களை கலைந்துவிடும். பிளக்கைச் சொருகினோமா? குமிழைத் திருப்பினோமா, திருப்பியதாக நினைத்துக்கொண்டோமா? செல்போனை எடுப்பார். திருடனுக்காக வாங்கி மாட்டிய காமிரா இப்போது சமையலறை மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திரையில் ஒரு பானை தெரியும். அது அசையாது. அசையாமல் இருப்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியாமல், மூடிக் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கிறதா என்று இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். பட்டியலில் இருக்கும் கணக்கெல்லாம் மறுநாளைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமைப் பதார்த்தத்தின் பெயர் கிரீமி சிக்கன் பாஸ்தா. செய்முறையை நான் கேட்காமலேயே பலமுறை சொல்லியிருக்கிறார். எலும்பில்லாத நெஞ்சுக்கறி இரண்டு பவுண்ட். அதன் தலையில் ஒரு பாட்டில் இத்தாலியன் டிரெஸ்ஸிங். அதன்மேல் செங்கல் வைத்தாற்போல் எட்டு அவுன்ஸ் கிரீம் சீஸ். மிளகு, ஒரு கைப்பிடி பார்மெசான். மூடு, கிளம்பு. வெந்த பிறகு இரண்டு முள்கரண்டியால் கோழியைப் பஞ்சு பஞ்சாகப் பிய்த்து, தனியே வேகவைத்த பென்னேயைக் கலந்தால் தீர்ந்தது. கோழியை முதலில் வாணலியில் சிவக்க வறுத்துக்கொண்டால் ருசி எங்கேயோ போய்விடும். பானையின் ஈரச் சூட்டில் எதுவும் சிவக்காது, எல்லாம் வெளிறித்தான் வரும். இது அவருக்கும் தெரியும். ஆனால் வாணலியை எடுத்தால் வாணலியைக் கழுவ வேண்டுமே, கொள்கை என்ன ஆவது?

இந்தப் பானைக்குள் போகும் எதுவும் தன் பெயரில் இருக்கும் ஊரைச் சேர்ந்ததில்லை என்பது என் கண்டுபிடிப்பு. இத்தாலியன் டிரெஸ்ஸிங் என்ற பாட்டிலை இத்தாலிக்காரர் பார்த்தால் என்ன இது என்று கேட்பார். பாஸ்தாவில் கோழி என்றால் அடுத்த கேள்வி கேட்காமல் எழுந்து போய்விடுவார். பிலடெல்பியா கிரீம் சீஸ் 1872-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தது. நல்ல பாலுக்கும் வெண்ணெய்க்கும் பிலடெல்பியா அன்று பேர்போன ஊர் என்பதால் 1880-இல் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். டிரெஸ்ஸிங்குக்குப் பதில் ராஞ்ச் பொடி தூவும் வாரங்களும் உண்டு. ராஞ்ச், ஸ்டீவ் ஹென்சன் என்ற அலாஸ்கா பிளம்பரின் கைப்பக்குவம். அவர் பிறகு கலிபோர்னியாவில் பண்ணை விடுதி நடத்தி, வந்தவர்களுக்கு அதைப் பரிமாறிப் புகழ்பெற்றார். 1972-இல் அந்தத் தொழிலை 80 லட்சம் டாலருக்கு வாங்கியது, துணி வெளுக்கும் திரவம் விற்கும் கிளோராக்ஸ். இதை நான் சொன்னபோது பானையார் அசரவில்லை. "அதான் சாஸ் இவ்வளவு வெள்ளையா இருக்கு" என்றார்.

சரி, மத்தியானத்தில் ஏன் இந்தக் கார் ஓட்டம்? இங்கேதான் முடிச்சு. நெஞ்சுக்கறிக்கு 'லோ'வில் ஐந்தாறு மணி நேரம் போதும். அதைத் தாண்டினால் தேங்காய் நாராகிவிடும். பானையார் வீட்டைவிட்டுக் கிளம்புவது காலை ஏழு, திரும்புவது மாலை ஆறு. கூட்டிக் கழித்தால் உத்தியோகஸ்தரின் பகல், கோழியின் பகலைவிட ஐந்து மணி நேரம் நீளம். இப்போது வரும் பானைகள் நேரம் முடிந்ததும் தாமே 'வார்ம்' என்று தணிந்துகொள்கின்றன. இவருடையது அம்மா கொடுத்தது, எழுபதுகளின் கடுகு மஞ்சள் நிறம், ஒரே ஒரு குமிழ். சுவரில் டைமர் மாட்டி, மத்தியானம் தானாகவே எரியவிட்டால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். "பச்சைக் கோழியை அஞ்சு மணி நேரம் சும்மா வெளியில வைக்கிறதா?" என்று பாடம் தொடங்கியது. 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கும் 140-க்கும் நடுவில் கிருமிகளுக்குத் திருவிழா, உள்ளே 165 எட்டாமல் கோழியை வாயில் வைக்கக்கூடாது என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பது போல் ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டினார். சொன்னதெல்லாம் சரிதான். புதுப் பானை ஒன்று வாங்கலாமே என்றேன். "பழசு நல்லாத்தானே இருக்கு?" என்றார். பெட்ரோல் கணக்கை நான் கேட்கவில்லை.

ஒரு நாள் குரலைத் தாழ்த்தி ரகசியோபதேசமும் செய்தார். 'லோ'வும் 'ஹை'யும் கடைசியில் போய்ச் சேரும் சூடு ஏறக்குறைய ஒன்றுதானாம், கொதிப்புக்குக் கொஞ்சம் கீழே. போய்ச் சேரும் நேரம்தான் வேறாம். பாசஞ்சர் போகிற ஊருக்குத்தான் எக்ஸ்பிரஸும் போகிறது என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

பானைக்கு ஸ்தலபுராணமும் உண்டு. சிகாகோவில் இர்விங் நாக்ஸன் என்ற யூதக் கண்டுபிடிப்பாளர். வெள்ளி சூரியன் சாய்ந்தால் மறுநாள் பொழுது சாயும்வரை யூத வீடுகளில் அடுப்பு மூட்டக்கூடாது. அதனால் லித்துவேனியாவின் வில்னியுஸ் நகரில், பயறும் இறைச்சியும் கிழங்கும் போட்ட பானையை வெள்ளிக்கிழமை ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே அது ராத்திரி முழுக்க வேகும். அம்மா சொன்ன இந்தக் கதையை மனத்தில் வைத்து நாக்ஸன் மின்சாரப் பானை செய்து, 1940-இல் காப்புரிமை பெற்றார். 1970-இல் கான்சாஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் அவருடைய கம்பெனியை வாங்கி, அடுத்த ஆண்டே கிராக்-பாட் என்று பெயர் மாற்றிச் சந்தைக்கு விட்டது. அதன்பின் வேலைக்குப் போன அமெரிக்கப் பெண்களின் கையில் அது சக்கைப்போடு போட்டது. வேலையே செய்யக்கூடாத நாளுக்காகப் பிறந்த பானை, வேலையைத் தவிர வேறெதுவும் இல்லாத நாளில் வந்து மாட்டிக்கொண்டது விதிதான். பானையாரிடம் இதைச் சொன்னேன். அவர் அப்போது காமிரா பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்தர் என்றால் சோதனை வராமல் இருக்குமா? 2018 ஜனவரியில் வந்தது. 'திஸ் இஸ் அஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில், எல்லோரும் கொண்டாடிய அப்பா பாத்திரத்தின் வீடு தீப்பிடித்தது. காரணம், ராத்திரி மேடையில் விட்டுவைத்த பழைய ஸ்லோ குக்கர். கற்பனைத் தீதான். ஆனாலும் மூக்கைச் சிந்தியவர்கள் பலர் தங்கள் பானையைக் குப்பையில் போடப்போவதாகப் புறப்பட, கிராக்-பாட் நிறுவனமே விளக்க அறிக்கை விட்டது. அந்த அப்பா நடிகரையே கூப்பிட்டு, பானையிலிருந்து சில்லி எடுத்துப் பரிமாறும் விளம்பரமும் வந்தது. பானையார் அந்தத் தொடரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. குடும்பத்துப் பெரியவரைச் சந்தியில் நிறுத்தி அவமானப்படுத்திய வீட்டு வாசலை யார் மிதிப்பார்கள்?

இன்னொரு பகை இன்ஸ்டன்ட் பாட். 2010-இல் கனடாவிலிருந்து வந்த மின்சார பிரஷர் குக்கர். ஆறு மணி நேர வேலையை அரை மணியில் முடிக்கும் மாற்று மதம். எங்கள் அலுவலகத்தில் வடகலை தென்கலை போல் இரண்டு கட்சி. இன்ஸ்டன்ட் பாட் கட்சிப் பெண்மணி ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, மூடிய பாத்திரத்தில் ஆவியைத் தேக்கினால் சமையல் சீக்கிரம் ஆகும் என்ற அதிசயத்தை விளக்கினார். விசில் சத்தத்தில் கண்விழித்து வளர்ந்தவன் நான். ஆச்சரியப்பட்டுவைத்தேன், அவர் மனம் கோணக்கூடாதே. 2023 ஜூனில் அதைத் தயாரித்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனபோது பானையார் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வெறுமனே எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முன் அலுவலகத்தில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம். எட்டு பேர் எட்டு ஸ்லோ குக்கர் கொண்டுவந்தார்கள். காரில் பானைக்கு சீட் பெல்ட் போட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது, பானையார் போட்டார். மூடியில் பெயர் எழுதிய டேப். எல்லாவற்றையும் கூட்ட அறையில் ஒரே நீட்டிப்புப் பெட்டியில் சொருகினார்கள். பானை ஒன்றுக்கு 250 வாட், எட்டுக்கு 2,000. அந்த லைனின் 15 ஆம்பியர் 1,800-க்குமேல் தாங்காது. பதினொன்றரைக்கு அறை இருண்டது. எல்லோரும் பதறினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் என்பதால் நான் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். பானையார் ஒரு காகிதத்தை எடுத்து, முதல் அரை மணி கோழிக்கும் பன்றிக்கும், அடுத்த அரை மணி பீன்ஸுக்கும் சீஸுக்கும் என்று முறைவைத்து மின்வெட்டு அட்டவணை போட்டார். நம் மின்வாரியத்தில் இருக்க வேண்டியவர்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என்னையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். "ஒரு சிரமமும் இல்லை, அதான் ஆயிட்டிருக்கே" என்றார். ஆறு மணிக்குப் போனோம். வாசலிலேயே பூண்டும் கோழியும் சேர்ந்த வாசனை. உள்ளே நுழைந்ததும் பானையார் மூடியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மூடியில் ஆவித்துளி அழிந்திருந்தது.

"திறந்தியா?"

"மோந்துதான் பார்த்தேன்."

"மோந்து பார்த்தா அரை மணி!" என்று அலறினார். ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்பி வர அரை மணி ஆகும் என்பது பானைச் சாஸ்திரம். தெர்மாமீட்டரைக் குத்தினார். 158. மூடினார். ஆறே முக்காலுக்குப் பையனுக்குக் கால்பந்துப் பயிற்சி. அவன் ஒரு கிண்ணம் சீரியலில் பாலை ஊற்றிக் குடித்துவிட்டு ஓடினான்.

ஏழு மணிக்கு 165. இரண்டு முள்கரண்டியைப் பிடித்து எதிரெதிரே இழுத்தார். கோழி முதலில் பாளம் பாளமாகவும், பிறகு கைத்தறி நூல் மாதிரியும் பிரிந்தது. கிரீம் சீஸ் கரையாமல் அங்கங்கே சுண்ணாம்புக் கட்டியாக மிதந்தது, அதை விரட்டி விரட்டி நசுக்கினார். பக்கத்து அடுப்பில் பென்னே கொதித்துக்கொண்டிருந்தது. பானையிலேயே போட்டால் களியாகிவிடும் என்பதால் தனி. அதற்குப் பதினோரு நிமிடம், கிளறிக்கொண்டே நின்றார். "இது சமையல் இல்லையா?" என்று கேட்டேன். "இது பாஸ்தா" என்றார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாக இருந்தது. புளிப்பும் உப்பும் கொழுப்புமாக, பல்லுக்கு ஒரு வேலையும் வைக்காமல் இறங்கியது. நான் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன். "பார்த்தீங்களா, நான் ஒண்ணுமே செய்யலை" என்றார் பானையார், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், ராத்திரி ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பானையின் உள்விளிம்பில் வளையமாகக் காய்ந்திருந்ததைக் காட்டி, "அவர் ஒண்ணும் செய்யலை, நிஜம்தான். காலையில வந்து இதைத் தேய்க்கிறது நான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிளம்பும்போது மிச்சத்தை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொடுத்த பானையார், ஏதோ தோன்றியவராய் என்னைக் கேட்டார்.

"உங்க வீட்ல கோழி எப்படிப் பண்ணுவீங்க?"

"குக்கர்ல போட்டு மூணு விசில். எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம் ஆகும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பாவம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. டப்பாவில் இன்னும் ஒரு கரண்டி வைத்தார்.

"அந்த இருபது நிமிஷமும் நீங்க பக்கத்துலயே நிக்கணுமா?"