கால் போன போக்கில்: கரைவாகு மக்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு

கால் போவது விதி என்றும் விபத்து என்றும் சொல்கிறவர்கள் உங்கள் உழைப்பை மதிக்கத் தெரியாதவர்கள். சீனி வருத்தக்காரரின் கால் சும்மா போய்விடாது. அப்படிக் கால் கழட்டப்பட்ட நூறு பேரில் ஏறத்தாழ 85 பேருக்கு முதலில் இருந்தது ஒரு புண்தான். அந்தப் புண்ணை ஆறவிடாமல் வளர்த்து முழங்கால்வரை ஏற்றிக் கொண்டுவருவதற்கு ஒழுங்கு வேண்டும், பிடிவாதம் வேண்டும். மருதமுனையிலிருந்து பொத்துவில்வரை இரண்டுக்கும் பஞ்சமில்லை. கீழே சொல்லியிருப்பதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள். மீதியை இன்று அஸருக்குப் பிறகு தொடங்கலாம்.

1. சீனி எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாதீர்கள்.

2018, 2019ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் எடுத்த ஆய்வொன்றில் வளர்ந்தவர்களில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால் ஒருவருக்கோ இருவருக்கோ இருக்கும். அது மற்ற ஐந்து பேரில் யாரோ என்று உறுதியாக நம்புங்கள்.

ஏற்கெனவே கிளினிக் கொப்பி வைத்திருப்பவரா? கிளினிக்குக்கு மூன்று நாளைக்கு முந்திப் பாவற்காய் தின்னுங்கள். இரத்தம் குத்திக் கொடுத்த அன்றைக்கே வட்டிலப்பம். மூன்று மாதக் கணக்கைக் காட்டிக்கொடுக்கும் எச்பிஏ1சி என்ற சோதனை ஒன்று இருக்கிறது. மூன்று நாள் பாவற்காய்க்கு அது மயங்காது. ஆகவே அதை எழுதித் தந்தால் துண்டைத் தொலைத்துவிடுங்கள்.

2. நோகவில்லை என்றால் ஒன்றுமில்லை.

முழுப் பயிற்சிக்கும் அத்திவாரம் இதுதான். நெடுநாள் சீனி கூடிக் கிடந்தால் கால் நரம்பு கெடத் தொடங்கும். முதலில் எறும்பு ஊரும். பிறகு இரவில் உள்ளங்கால் எரியும், போர்வை பட்டாலே கூசும். இன்னும் பொறுத்திருங்கள். ஒருநாள் எரிவும் நின்றுவிடும். "அல்ஹம்துலில்லாஹ், இப்ப சுகம்" என்று வீட்டில் சொல்லுங்கள். உண்மையில் கால் விறைத்துவிட்டது. இனி எது குத்தினாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தொழுநோயாளரின் கைகால் விரல்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்று தேடினார். நோய் சதையைத் தின்கிறது என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். அவர் கண்டது வேறு. நோவு தெரியாத விரலை அவரவரே நெருப்பிலும் தகரத்திலும் கல்லிலும் கொடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கத்தில் எலி கடித்ததுகூடச் சிலருக்குத் தெரியவில்லை. அவர்களிடம் பூனை கொடுத்து அனுப்பினார்கள். பின்னாளில் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில்லுக்குப் போய் அதே பாடத்தை நீரிழிவுக் காலுக்கும் சொல்லிக் கொடுத்தார். நோவுதான் மனிதனுக்குக் காவல் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் சேராதீர்கள்.

பயிற்சி: சப்பாத்தைப் போடமுன் உதறிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். உள்ளே பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமான் கிடக்கலாம், சிறுகல் கிடக்கலாம். கிடக்கட்டும். சுபஹிலிருந்து மஃரிப்வரை அதன்மேல் நடவுங்கள்.

யாராவது மிஸ் உங்களைக் கண்ணை மூடச் சொல்லி, பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் நூலை உள்ளங்காலில் வைத்து "தெரியுதா?" என்று கேட்டால், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் "தெரியுது மிஸ்" என்று சொல்லி எழும்பிவிடுங்கள். பின்னால் வரிசை நீளமாக இருக்கிறது. மனிதாபிமானம் முக்கியம்.

3. வுழூ எடுக்கும்போது காலைப் பார்க்காதீர்கள்.

ஆகக் கஷ்டமான படி இது. மார்க்கமே உங்களுக்குக் குறுக்கே நிற்கிறது. ஒருநாளைக்கு ஐந்து வக்துக்குக் காலைக் கழுவச் சொல்லி, சுண்டுவிரலால் விரல் இடுக்குகளைக் கோதச் சொல்லிவைத்திருக்கிறது. லண்டனிலும் சிட்னியிலும் காலுக்கென்றே படித்துப் பட்டம் பெற்ற பாத மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆணியைச் செதுக்குவார்கள், நகத்தைத் திருத்துவார்கள், செருப்புக்கு அளவெடுப்பார்கள். எல்லாம் முடிந்து வாசல்வரை வந்து சொல்வது ஒன்றுதான்: தினமும் காலைப் பாருங்கள், இடுக்கைப் பாருங்கள். அந்தப் புத்தி நமக்குப் பாலர் மத்ரஸாவிலேயே கிடைத்துவிட்டது. ஆபத்தான நிலைமை.

முறியடிக்கும் வழி சொல்கிறேன். ஹவுழில் குந்தியதும் காலைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கண்ணை வேறெங்காவது வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் நெல் விலையை விசாரியுங்கள். இகாமத் சொல்லிவிட்டார்கள் என்று ஓடுங்கள். விரலைக் கோதலாம், ஆனால் விரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி வெடித்திருப்பது கைக்குத் தட்டுப்பட்டால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

காலைத் துடைக்கவே கூடாது. ஐந்து வக்து ஈரத்தை அப்படியே சொக்ஸுக்குள் அடைத்துக் கந்தோருக்குப் போங்கள். நாலாம் விரலுக்கும் ஐந்தாம் விரலுக்கும் நடுவில் பங்கசு குடியேறும். அது போடும் கீறல் வழியாக மற்றக் கிருமிகள் வரும். பள்ளிக்குச் சின்னத் துண்டொன்று கொண்டு வந்து இடுக்கு இடுக்காகத் துடைக்கும் அந்த ஓய்வுபெற்ற அதிபரைக் கண்டால் சிரியுங்கள். குதிகால் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசாதீர்கள். பூசித்தான் தீர வேண்டும் என்றால், பூசக்கூடாத விரல் இடுக்கில் பூசுங்கள்.

4. பாட்டாவுக்கு ஊக்குக் குத்துங்கள்.

வார் பிய்ந்த இறப்பர்ச் செருப்பை எறிவது ஊதாரித்தனம். அடியில் ஊக்குக் குத்திக்கொண்டு இன்னும் ஒரு வருசம் ஓட்டலாம். ஊக்கின் வாய் திறந்து உள்ளங்காலைப் பார்த்தபடி இருப்பது உத்தமம். விறைத்த காலிலிருந்து செருப்பு கழன்று போனதும் தெரியாது என்பதால் பின்வார் வைத்த செருப்பு வாங்கச் சொல்வார்கள். அது ஆஸ்பத்திரிச் செருப்பு மாதிரி இருக்கிறது என்று மறுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் தொழுநோயாளருக்கென்று மெத்தென்ற இறப்பரில் செய்து பிறகு நீரிழிவுக்காரருக்கும் கொடுக்கத் தொடங்கிய எம்சிஆர் செருப்பு இன்னும் மோசம். அழகே இல்லை, காலை மட்டும் காப்பாற்றும்.

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் உங்கள் செருப்பு வேறு யாருடனோ போயிருக்கும். அருமையான சந்தர்ப்பம். பகல் ஒரு மணித் தார் ரோட்டில் வெறுங்காலோடு வீட்டுக்கு நடவுங்கள். விறைத்த கால் சுடாது, வெந்துபோகும்.

பெருநாள் சப்பாத்தைக் காலையிலேயே போய் வாங்குங்கள். பின்னேரம் கால் சற்று வீங்கியிருக்கும், அளவு சரியாக வந்துவிடும், வீண் வேலை. "போடப் போடத் தளரும்" என்று கடைக்காரர் சொல்வார். முதல் நாளே முழு நாளும் போட்டு, எல்லாக் குடும்ப வீடுகளுக்கும் போய் வாருங்கள்.

5. கால் ஆணியைச் சவர பிளேட்டால் நீங்களே செதுக்குங்கள்.

கண் மங்கல் என்றால் இன்னும் நல்லது. நகத்தை ஓரத்தில் வளைத்து ஆழமாக வெட்டுங்கள். பாமசியில் விற்கும் ஆணிப் பிளாஸ்டரில் அமிலம் இருக்கிறது. அது ஆணி எது, உயிர்த் தோல் எது என்று பார்க்காது.

6. காலுக்கு இதமாகச் சுடுதண்ணீர் வையுங்கள்.

உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, சூட்டைக் கையால் பார்க்காமல் நேரே காலை இறக்குங்கள். காலுக்கு ஒன்றும் தெரியாது. கொப்புளம் வந்த பிறகு கண்ணுக்குத் தெரியும்.

7. ஒரு நாளும் வேலையை விடாதீர்கள்.

மனிதப் பாதத்தில் 26 எலும்புகள். அவ்வளவையும் வேலை வாங்கத்தான் நமக்குத் தொழில்கள் இருக்கின்றன. சம்மாந்துறை வட்டைக்குள் வெறுங்காலோடு இறங்குங்கள். கீறல் வழியே எலிக்காய்ச்சலும் வரும், ஒரு செலவில் இரண்டு வருத்தம். மருதமுனைத் தறிக்காரரா? மிதியை மிதிக்கும் காலுக்கு ஓய்வு கொடுக்காதீர்கள். கரைவலை இழுக்கிறீர்களா? குதிகாலை மணலில் ஊன்றித்தான் இழுக்க முடியும், புண்ணையும் சேர்த்து ஊன்றுங்கள். ஆட்டோ ஓட்டினால் பிரேக் எப்படியும் காலில்தான்.

உள்ளங்கால் புண்ணுக்கு மருந்தைவிட முக்கியம் அதன்மேல் பாரம் விழாமல் பார்ப்பது. அதற்கென்றே முழங்காலுக்குக் கீழே முழுவதுமாகக் கட்டுப் போடுகிறார்கள். இரத்த ஓட்டம் நன்றாக இருந்து, கிருமியும் ஏறாத புண் என்றால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டுக் கிழமையில் ஆறிவிடும். எட்டுக் கிழமை வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எப்படி எரியும் என்று கேளுங்கள். நியாயமான கேள்வி, நக்கலாகச் சொல்லவில்லை. நாட்கூலிக்காரனிடம் "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது சுலபம். முதலாளியும் பள்ளி நிருவாகமும் ஜகாத் பிரிப்பவர்களும் அந்த எட்டுக் கிழமையைப் பற்றி யோசிக்கலாம், அது வேறு கதை. நீங்கள் செய்ய வேண்டியது, கால் போன பிறகு அதே அடுப்பு எத்தனை வருசம் எரியும் என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் இருப்பது.

8. சிகரட்டை விடாதீர்கள். கால் இரத்தக்குழாய் தானாகச் சுருங்கக் காலம் எடுக்கும்.

9. வைத்தியத்தை வரிசையாகச் செய்யுங்கள்.

முதல் கிழமை கோப்பித்தூள். இரண்டாம் கிழமை மஞ்சள். மூன்றாம் கிழமை பாமசியில் காலைக் காட்டாமல் வாயால் சொல்லி நாலு கப்சூல். நாலாம் கிழமை பக்கத்து வீட்டு ராத்தாவின் மாமனாருக்குச் சுகமாக்கிய இலை. (அந்த மாமனாருக்குச் சீனி இல்லை என்பதைக் கேட்காதீர்கள்.) விரல் நுனி கறுத்துவிட்டதா? மருதாணிக் கறை.

பிறகு எந்த ஆஸ்பத்திரி என்ற ஆலோசனை. கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கிறது, அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கிறது. எது நம்முடையது என்பதைக் குடும்பத்தில் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுங்கள். கல்முனை வடக்குக்குத் தனிப் பிரதேச செயலகம், சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வருசக்கணக்காகப் பேசிப் பழகிய நமக்குப் பிரிவினை புதிதல்ல. பேசி முடியும்போது காலும் தனியாகப் பிரிவதற்குத் தயாராக இருக்கும்.

10. பிள்ளைகளுக்குத் தெரியவிடாதீர்கள்.

கட்டாரிலிருந்து மகன் வீடியோ கோல் எடுத்தால் முகத்தை மட்டும் காட்டுங்கள். பின்னால் நின்று மகள், "வாப்பா, காலக் காட்டுங்க, மணக்குது" என்று சொன்னால், "ஒண்டுமில்ல புள்ள, செருப்புக் கடிச்சது" என்று சாரத்தை இழுத்துவிடுங்கள். அவர்கள் காலைப் பார்த்துவிட்டால் அன்றைக்கே ஆட்டோ பிடிப்பார்கள். இவ்வளவு நாள் பட்ட பாடு வீணாகிவிடும்.

இந்தப் பத்தையும் ஒழுங்காகச் செய்தவருக்குப் பலன் நிச்சயம். முதலில் ஒரு விரல், பிறகு பாதி பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. உலகத்தில் ஏதோ ஓர் இடத்தில் 30 செக்கனுக்கு ஒரு கால் நீரிழிவால் போகிறது என்று 2005இல் 'லான்செட்' மருத்துவ இதழ் எழுதியது. அந்த வரிசையில் நம் ஊரும் நிற்கும்.

முதல் கால் போனதும் பயிற்சி முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மிஞ்சிய கால்தான் இனி இரண்டு காலின் பாரத்தையும் தாங்க வேண்டும். அதற்கும் அதே நரம்பு, அதே இரத்தக்குழாய், அதே பாட்டா. நீரிழிவால் காலைப் பெரிதாக வெட்டி எடுக்க நேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து வருசத்துக்குள் மௌத்தாகிவிடுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பல புற்றுநோய்களின் கணக்கு இதைவிட நல்லது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இந்தக் கையேட்டைக் கெடுப்பது சுலபம். 1989இல் இத்தாலியின் சென் வின்சென்ற் நகரில் ஐரோப்பிய நாடுகள் கூடி, நீரிழிவால் கால் வெட்டுவதைப் பாதியாகக் குறைப்போம் என்று ஐந்து வருச இலக்கு வைத்தன. அதற்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி காலைப் பார்ப்பது, சரியான செருப்பு, சுணங்காமல் ஆஸ்பத்திரி. உங்கள் வீட்டிலும் யாராவது இந்த வேலையைத் தொடங்கலாம். இஷாவுக்கு வுழூ எடுத்துக் காலைத் துடைத்த கையோடு உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். குனிய முடியாதவர் நிலத்தில் முகம்பார்க்கும் கண்ணாடி வைத்துப் பார்ப்பார். கண் தெரியாதவர் பேரப்பிள்ளையைக் கூப்பிடுவார். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, நாற்றம், ஒரு காலில் மட்டும் சூடு, இவற்றில் ஒன்றைக் கண்டால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவர்களுக்கு இந்தக் கையேட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. தயவுசெய்து இதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.